கடபயாதியும் திருமுறைப் பண்ணும்

இசை பயிலுங் கல்லூரி மாணாக்கர்க்கு அச்சந் தருவனவற்றுள் தலையாயது 72 மேளகர்த்தாக்களின் வரிசையேயாம். வேங்கடமகி என்பார் 17ஆம் நூற்றாண்டிலே சதுர்தண்டிப் பிரகாசிகை என்னும் நூலில் வகுத்த இவ்வமைப்பை நம் பிள்ளைகள் வாய்ப்பாடுபோல உருவேற்றுகின்றனர். பரீட்சை கழிந்தவுடன் மறந்தும் விடுகின்றனர். நினைவுக்குத் துணையாக முன்னோர் கண்டது கடபயாதி என்னும் முறை. அதனைத் தமிழெழுத்திற் கற்பார்க்கு நேருந் தடையையும், திருமுறை ஓதுவார்க்கு அதனாலாம் பயனையும் ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

வடமொழி மெய்களுள் ககரமுதல் ஒன்பதும், டகரமுதல் ஒன்பதும், பகரமுதல் ஐந்தும், யகரமுதல் எட்டும் முறையே 1 முதலாக எண்ணப்படும். ஞகரமும், தவருக்கத்து நகரமும் சுழியம். மேளப் பெயரின் முதலிரண்டு எழுத்துக்கும் உரிய எண்களைத் தலைமாற்றி வைப்பின் மேளத்தின் எண் தோன்றும். மாயாமாளவகௌளையில் மா 5, யா 1, மாற்ற 15. கூட்டெழுத்துப்பற்றிய விதிகளை ஆசிரியர்பாற் கேட்டுணர்க.

எண் கிடைப்பின் சுரமுங் கிடைக்கும். 36 வரை சுத்த மத்திமம். அதன்மேற் பிரதி மத்திமம். அவ்வாறு மேளங்கள் ஒரு சக்கரமாம். சக்கரம் ரிஷப காந்தாரங்களையும், சக்கரத்துள் நிற்கும் இடம் தைவத நிஷாதங்களையும் காட்டும். 15 என்பது மூன்றாஞ் சக்கரத்து மூன்றாவது. ஆதலின் சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த தைவதம், காகலி நிஷாதம்.

இனித் தடை யாதெனில், தமிழில் ஒரு தகரமே வடமொழித் தகரம் நான்கிற்கும் நிற்கின்றது. தானரூபியின் தா 6. திவ்யமணியின் தி 8. தேனுகாவின் தே 9. தீரசங்கராபரணத்தின் தீயும் 9 ஆதலின் அம்மேளம் 29. ஏட்டைமாத்திரம் நோக்கும் பிள்ளை அதனை 6 எனக்கொண்டு 26 என்பான், அதுவோ சாருகேசி! தைவதம் நிஷாதம் இரண்டுந் தவறும். ஆகலின் குறிப்பேட்டில் இத்தகைய எழுத்தின்மேல் அதன் எண்ணைச் சிறிதாகப் பொறித்துக்கொள்க. வடவெழுத்தை விரும்பாதார் இதற்கு முகஞ்சுளிப்பர். கணக்கு யார் முகத்தையும் நோக்குவதன்று.

இக்கணக்கைத் தேவாரத்தோடு பொருத்திப் பார்ப்பதே நாம் பெரிதும் விரும்புவது. இக்கால ஓதுவார் வழக்கில் இந்தளம் மாயாமாளவகௌளையாகவும், சாதாரி காமவர்த்தினியாகவும் பாடப்படும். காமவர்த்தினியில் கா 1, ம 5, மாற்ற 51. அதனின் 36 கழிப்ப நிற்பது 15. எனவே இவ்விரண்டிற்கும் வேற்றுமை மத்திமம் ஒன்றே. இரண்டாந் திருமுறையின் தொடக்கத்து இந்தளப் பதிகமொன்றையும், மூன்றாந் திருமுறைச் சாதாரிப் பதிகமொன்றையும் அடுத்தடுத்துப் பாடுக. தாளிற் கண்ட வேற்றுமை செவிக்குப் புலனாம். பாடாது எழுதுவார்க்கு 15உம் 51உம் வெறும் இலக்கங்களே.

பண்ணும் இராகமும் ஒன்றென்று விடையெழுதுதல் ஆகாது. தக்கராகம், தக்கேசி என்னும் இரண்டும் இன்று காம்போதியிலேயே பாடப்படுகின்றன, பண்ணோ வேறுவேறு. பட்டியலிற் காண்பது பிற்கால வழக்கின் பொருத்தம். காம்போதி மேளமுமன்று, 28ஆம் மேளமாகிய ஹரிகாம்போதியிற் பிறந்தது. அதன் பெயரெழுத்தைக்கொண்டு எண் காணப் புகுவோர் 41 என்னும் பொய்யெண்ணையே பெறுவர்.