பிள்ளைப்பேற்றின் பின் மீண்டும் ஓடலாமா?

மாதர் சங்கக் கூட்டமொன்று முடியும் வேளையில் இளந்தாய் ஒருத்தி தயக்கத்தோடு ஒரு கேள்வி கேட்டாள். பாடசாலை நாட்களில் அவள் 800 மீற்றர் ஓட்டக்காரி. இப்போது கையிலே இரண்டு மாதக் குழந்தை. "நான் திரும்பவும் ஓடலாமோ?" என்பதே கேள்வி. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "பிள்ளை பெத்தவளுக்கு என்ன ஓட்டம் வேண்டிக் கிடக்கு?" என்றார் ஒரு ஆச்சி.

ஆனால் அதே தாய், பிள்ளை பிறந்த பதினைந்தாம் நாளே தூரத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தவள். அதைக் கண்டு ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் தடுக்கவும் இல்லை.

சொந்த ஊரில் இருந்த காலத்தில் பேறு பார்க்கத் தாய்வீடு இருந்தது. பத்தியக்கறி காய்ச்சவும், பிள்ளையைக் குளிப்பாட்டவும், தண்ணீர் அள்ளவும் அம்மம்மா, பெரியம்மா, மாமி என்று ஆட்கள் இருந்தார்கள். இடம்பெயர்ந்தபோது நாம் காணியை மட்டும் இழக்கவில்லை. அந்தக் கைகளையும் இழந்தோம். ஆகவே இக்கேள்வி ஓட்டக்காரிக்கு மட்டும் உரியதல்ல. ஓட்டத்தைப் பற்றிப் படித்தால் குடம் தூக்குவதும் மண்வெட்டி பிடிப்பதும் பற்றியும் நமக்கு விளங்கும்.

தாயானவர்கள் ஓடியிருக்கிறார்களா?

ஓடியிருக்கிறார்கள். 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபனி பிளாங்கர்ஸ்-கூன் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார். அப்போது அவருக்கு வயது 30. இரண்டு பிள்ளைகளின் தாய். ஜமேய்க்காவின் ஷெலி-ஆன் பிரேசர்-பிறைஸ் 2017 ஆகஸ்டில் சத்திரசிகிச்சை மூலம் மகனைப் பெற்றார். இரண்டு ஆண்டுகளின் பின், 2019இல் டோஹாவில் 100 மீற்றர் ஓட்டத்தை 10.71 செக்கனில் ஓடி மீண்டும் உலக சம்பியனானார்.

மற்றொரு பாடமும் உண்டு. இங்கிலாந்தின் மரதன் ஓட்டக்காரி போலா ரட்கிளிப் 2007 ஜனவரியில் மகளைப் பெற்று, விரைவிலேயே பயிற்சிக்குத் திரும்பினார். முதுகெலும்பின் அடிப்பகுதியில் வெடிப்பு ஏற்பட்டு ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அது ஆறிய பின்னரே, அவ்வாண்டு நவம்பரில் நியூயோர்க் மரதனில் வென்றார். உலகின் மிகத் தேர்ந்த ஓட்டக்காரியின் உடலும் தனக்குரிய காலத்தைக் கேட்கிறது என்பதை இது காட்டுகிறது.

உடலில் நடப்பது என்ன?

பிள்ளை பிறந்தவுடன் கருப்பை ஏறக்குறைய 1 கிலோ நிறையுடையது. ஆறு வாரத்தில் அது சுருங்கி 100 கிராமுக்கும் குறைவாகிறது. இது தானாக நடக்கும். ஆனால் வேறு சில பகுதிகள் ஆற இன்னும் கூடிய காலம் வேண்டும்.

இடுப்பெலும்பின் அடியில், ஒரு தொட்டில்போலச் சில தசைகள் விரிந்து கிடக்கின்றன. கருப்பை, சிறுநீர்ப்பை, குடல் ஆகியவற்றை அவையே தாங்குகின்றன. இவற்றை இடுப்புத்தளத் தசைகள் என்பர். பேற்றின்போது இவை மிகவும் இழுபடுகின்றன. திரும்ப இறுகுவதற்கு 4 முதல் 6 மாதங்கள் ஆகலாம். வயிற்றின் நடுவே தசைகள் இரு பக்கமாக விலகியிருக்கும். சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு, வெளித்தோல் ஆறினாலும் உள்ளே தைத்த பகுதி ஆறு வாரத்தில் பழைய பலத்தின் பாதியைச் சற்றே தாண்டியிருக்கும்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் நிறையின் இரண்டு மடங்களவு விசை காலில் தாக்குகிறது. பாரம் தூக்கும்போதும் வயிற்றினுள் அமுக்கம் ஏறி, அது கீழ்நோக்கித் தள்ளுகிறது. புதிதாகக் கட்டிய வரம்பில் மண் இறுகுமுன் தண்ணீரைக் கட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தும்மும்போது சிறுநீர் கசிவது, தீராத நாரிநோ, கருப்பை கீழிறங்குவது ஆகியவற்றுக்கு இதுவும் ஒரு காரணம். எத்தனையோ பெண்கள் இவற்றை வெட்கத்தினால் ஆண்டுக்கணக்காக மறைத்து வாழ்கிறார்கள்.

படிப்படியாகச் செய்ய வேண்டியவை

முதல் ஆறு வாரம்: இது ஓய்வுக்கும் மெதுவான நடைக்கும் உரிய காலம். முற்றத்தில் சில நிமிடங்கள் நடந்து, நாளுக்கு நாள் சற்றுக் கூட்டலாம். பிள்ளையை விடப் பாரமானதைத் தூக்காதிருப்பது நல்லது. சத்திரசிகிச்சை செய்தவர்கள் இதைக் கட்டாயம் கைக்கொள்ள வேண்டும். பத்து லீற்றர் வாளி என்றால் பத்து கிலோ. பிறந்த பிள்ளையோ மூன்று கிலோ அளவுதான்.

வலி இல்லையென்றால் முதல் நாட்களிலேயே தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் ஆர்னல்ட் கேகல் 1948இல் இதை விளக்கி எழுதினார். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல அடித்தசைகளை உள்ளே மேல்நோக்கி இழுங்கள். மூச்சை அடக்காமல் சில செக்கன்கள் பிடித்து, முழுமையாகத் தளர்த்துங்கள். மெல்ல மெல்ல 10 செக்கன் வரை கூட்டுங்கள். இவ்வாறு பத்துத் தடவை, நாளைக்கு மூன்று முறை. பால் கொடுக்கும் நேரத்திலேயே செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்து பழக வேண்டாம்.

ஏழு முதல் பன்னிரண்டாம் வாரம் வரை: ஆறாம் வாரக் கிளினிக்குக்குத் தவறாமல் போங்கள். கசிவு, இறக்கம், வலி எதுவாயினும் மருத்துவமாதுவிடம் வெட்கமின்றிச் சொல்லுங்கள். இரத்தச்சோகை உண்டா என்றும் கேளுங்கள். நடையை 30 நிமிடம் வரை கூட்டலாம். கதிரையிலிருந்து கைபிடியாமல் எழுந்து இருத்தல், சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குதல் போன்றவை கால்களைப் பலப்படுத்தும்.

பன்னிரண்டாம் வாரத்தின் பின்: பிரித்தானிய உடற்சிகிச்சையாளர்கள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பேற்றின் பின் மூன்று மாதத்துக்கு முன் ஓட்டம் கூடாது. மூன்று மாதம் ஆகிவிட்டது என்பதும் மட்டும் போதாது. கீழ்வருவனவற்றை வலியோ, கசிவோ, அடியில் பாரமோ இல்லாமல் செய்ய முடிகிறதா என்று பாருங்கள்:

1. 30 நிமிடம் நடத்தல்.
2. ஒற்றைக் காலில் 10 செக்கன் நிற்றல்.
3. நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுதல்.
4. ஒவ்வொரு காலிலும் பத்துத் தடவை கெந்துதல்.

முடியுமானால், ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என ஐந்து தடவை செய்யுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பால் கொடுத்துவிட்டு ஓடினால் மார்பு பாரமாக இராது. அளவான பயிற்சியினால் பால் வற்றாது. ஆனால் தாய்க்குக் கூடுதலான உணவும் தண்ணீரும் வேண்டும். உச்சி வெயிலில் ஓட வேண்டாம்.

உடனே நிறுத்த வேண்டிய அடையாளங்கள்

சிறுநீர் கசிதல், அடியில் ஏதோ இறங்குவதுபோன்ற உணர்வு, இடுப்பு வலி, இரத்தப்போக்குத் திரும்ப வருதல் - இவை கண்டால் ஓட்டத்தை நிறுத்திக் கிளினிக்குக்குப் போங்கள். கடும் இரத்தப்போக்கு, காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுமுட்டல், பார்வை மங்கலோடு கூடிய கடுந்தலையிடி ஆகியவற்றுக்கு ஒரு நாளும் காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதுவும் நோயே. அதற்கும் வைத்தியம் உண்டு.

வீட்டாரின் பங்கு

இந்த அறிவுரைகளைப் பெண்களிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. "பாரம் தூக்காதே" என்று தாய்க்குச் சொன்னால், அந்தப் பாரத்தை யார் தூக்குவது என்பதையும் சொல்லியாக வேண்டும். தாய்வீட்டுக் கைகள் அருகில் இல்லாதபோது கணவனின் கைகளும் அயலவரின் கைகளும் அந்த இடத்துக்கு வர வேண்டும்.

அன்றைய கூட்டத்தில் அந்தத் தாய்க்கு நாம் கொடுத்த பதில் இதுதான்: "இன்னும் ஒரு மாதம் பொறு மகள். இப்போது நட. அதற்குப் பிறகு சோதித்துப் பார்த்து ஓடு." மறுவாரம் அவளுடைய கணவன் சைக்கிளின் இருபுறமும் கான்களைக் கட்டிக் கிணற்றடியில் நின்றார். வழியில் கண்ட சிலர் பகிடி பண்ணினார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. சிரித்த ஆச்சியோ, தாய் நடக்கும் அரைமணி நேரம் பிள்ளையை மடியில் வைத்திருக்க ஒத்துக்கொண்டார்.

கலந்துரையாடுவதற்கு

1. எமது குடியிருப்பில், பிள்ளைபெற்ற தாய் எத்தனையாம் நாளில் பாரம் தூக்குகிறாள்? ஏன்?
2. ஆறு வாரங்களுக்கு அவளுடைய தண்ணீரையும் விறகையும் முறைவைத்துக் கொண்டுவர எத்தனை குடும்பங்கள் முன்வரும்?
3. கசிவும் இறக்கமும் பற்றிப் பெண்கள் மருத்துவமாதுவோடு தனியே பேச எங்கே, எப்போது இடம் ஒழுங்கு செய்யலாம்?