அரசன் தலையில் பட்ட கை

கோகுலாஷ்டமி கழிந்து, மும்பைத் தெருக்களில் தயிர்க்குடம் உடைக்கும் இளைஞர்களின் ஆரவாரமும் அடங்கியபின், மராத்தியப் பஞ்சாங்கத்தின் சிராவண மாதத் தேய்பிறைத் துவாதசி வருகிறது. நகரத்தின் பெருந்திருவிழாக்களுக்கு நடுவே பலர் கண்ணில் படாமலே கடந்துபோகும் நாள் அது. மகாராஷ்டிரத்தின் நாவிதப் பெருமக்கள் மட்டும் அதை மறப்பதில்லை. அது அவர்களுடைய குலத்தில் உதித்த சேனா மகராஜின் புண்ணிய திதி.

தமிழன்பர்களுக்குச் சேனா அயலார் அல்லர். மகீபதி 1762-இல் மராத்தியில் இயற்றிய பக்த விஜயம் தமிழிலும் வழங்கி, கதாகாலட்சேபம் வழியாக ஊர்தோறும் பரவியது. நாமதேவர், கோரா கும்பர், சோகாமேளர் ஆகியோருடன் சேனா நாவிதரின் பெயரும் பாட்டிமார்களின் வாயில் இடம்பெற்றது. மாதுங்காவில் குடியேறிய தமிழர்கள் தங்கள் பஜனை மரபைத் தஞ்சைத் தரணியிலிருந்து கொண்டுவந்தார்கள். அந்த மரபோ மராத்திய மன்னர் காலத்தில் அபங்கங்களைத் தன்னுள் ஏற்றுக்கொண்ட மரபு. ஆகவே, மாதுங்காவை அடுத்த வடாலாவின் பழமையான விட்டல் கோயிலுக்கு ஆஷாட ஏகாதசியன்று திரளும் கூட்டத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் நின்றால், அது அந்நியத் தெய்வத்தின் முன் நிற்பதாகாது.

சேனாவைத் தம்மவர் என்று உரிமை கொண்டாடும் இடங்கள் பல. வடநாட்டு மரபு அவரை இராமானந்தரின் சீடராக, கபீருக்கும் ரவிதாசருக்கும் உடன்பயின்றவராக, பாந்தவகட மன்னனின் அரண்மனை நாவிதராகக் கூறும். தக்காணத்து மரபு அவரைப் பீதர் அரசனின் ஊழியராக்கி, பண்டரிபுரத்து வார்க்கரிகளின் வரிசையில் அமர்த்தும். பெரிய மனிதர்களைப் பல ஊர்கள் தமக்கென்று கேட்பது இயல்புதான். ஒரு நாவிதரை இரண்டு அரசவைகள் தம்முடையவர் என்று கேட்பதுதான் அரிது.

நிகழ்ச்சி ஒன்றே, சொல்லும் முறை இரண்டு. மகீபதியின் நூலில் சேனா காலைப் பூஜையில் ஆழ்ந்திருக்கிறார். அரசன் சவரத்துக்கு அழைத்து ஆள் அனுப்புகிறான். சேனா எழவில்லை. அரசன் கடுஞ்சினம் கொண்டு தண்டனைக்கு ஆணையிடுகிறான். அப்போது பகவான் சேனாவின் உருவெடுத்து, அவருடைய அடைப்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அரண்மனைக்குச் செல்கிறான். நாபாதாசரின் பக்தமாலைக்குப் பிரியாதாசர் 1712-இல் எழுதிய உரையில் காட்சி வேறு. அங்கே சேனா பூஜையில் அமர்ந்திருக்கவில்லை. அரண்மனைக்குப் புறப்பட்டே விட்டார். வழியில் சாதுக்கள் எதிர்ப்படுகிறார்கள். பசியோடு வந்த அடியவர்களை விட்டுச்செல்ல மனமின்றி வீட்டுக்குத் திரும்பி, அவர்களுக்கு உணவும் உபசாரமும் செய்கிறார். அதற்குள் அரண்மனை வேலை முடிந்துவிடுகிறது.

முதல் வடிவமே நம் நாட்டில் பெரிதும் பரவியது. எனினும் இரண்டாவது வடிவத்துக்குத் தனி அழகு உண்டு. கண் மூடித் தியானித்தவருக்காக இறைவன் வந்தான் என்பது நாம் எதிர்பார்ப்பதே. பிறர் பசிக்குச் சோறு போடப்போய், தம் பிழைப்பையே பணயம் வைத்தவரின் வேலையை இறைவன் ஏற்றுச் செய்தான் என்பது மனத்தில் வேறுவிதமாகத் தைக்கிறது.

இந்தக் கதையை வெறும் அற்புதமாகக் கேட்டுக் கைகூப்பிவிட்டு எழுந்துபோகிறோம். காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத்தொண்ட நாயனாரை இதனோடு சேர்த்து நினைத்தால் கதையின் கூர்மை விளங்கும். அடியவரின் கந்தையைத் துவைத்து உலர்த்தித் தருவதாக ஏற்றார் அவர்; மழை விடவில்லை; வாக்குத் தவறியதாகக் கலங்கித் துவைகல்லில் தலையை மோதினார்; இறைவனின் திருக்கரம் தோன்றித் தடுத்தது. அங்கே இறைவன் தொண்டரைக் காத்தான். துணியைத் தான் துவைக்கவில்லை. சேனாவின் கதையில் இறைவன் காத்ததோடு நிற்காமல் தொழிலையே செய்கிறான். அரசனின் தலையைத் தொட்டு, எண்ணெய் தேய்த்து, கத்தியைத் தீட்டி, முடியை மழிக்கிறான். எந்தத் தொழிலைச் செய்தவரைத் தீண்டியபின் குளிக்காமல் வீட்டுக்குள் வரலாகாது என்று ஊர் விதித்ததோ, அந்தத் தொழிலை.

சவரம் முடிந்தபின் குளிப்பதற்குத் தூய்மை என்ற காரணம் உண்டு. வெட்டிய முடி உடலில் ஒட்டியிருக்கும். அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காரணத்தின் நிழலில் வேறொன்றும் ஒளிந்து வாழ்ந்தது. முடியைக் கழுவுவதாகச் சொல்லிக்கொண்டு, தொட்ட கையையும் சேர்த்துக் கழுவினார்கள். தமிழ்நாட்டில் நாவிதரே பல ஊர்களில் மருத்துவராக இருந்தார். அவர் வீட்டுப் பெண்மணியே பேறுகாலம் பார்த்த மருத்துவச்சி. பிறக்கும்போது ஏந்திய கையும், மரணச் சடங்கில் மழித்த கையும் ஒரே குடும்பத்தினுடையவை. அந்தக் குடும்பத்தைத்தான் திண்ணையோடு நிறுத்தினார்கள்.

மகீபதியின் கதையில் அரசன் எண்ணெய்க் கிண்ணத்துள் பார்க்கிறான். அங்கே நான்கு கரங்களுடன் திருமால் தெரிகிறான். நிமிர்ந்தால் சேனா, குனிந்தால் நாராயணன். அந்தக் காட்சியை விட்டுப் பிரிய மாட்டாமல், போகவேண்டாம் என்று நாவிதரிடம் மன்றாடுகிறான் அரசன். பொற்காசுகளைத் தருகிறான். காசுகள் அடைப்பத்தில் விழுகின்றன. அடைப்பம் சேனாவின் வீட்டில் பழைய இடத்துக்கே வந்துசேர்கிறது. பிறகு உண்மையான சேனா அழைக்கப்படுகிறார். நடந்தது விளங்கியபோது அவர் பெருமிதம் கொள்ளவில்லை. எம்பெருமான் தமக்காக இந்தப் பையைச் சுமந்தானே என்று உருகினார். அரசனும் அன்றுமுதல் அடியவனானான். அந்தக் கை பட்ட தலையை எந்தத் தண்ணீரில் கழுவுவது என்ற கேள்வியை மகீபதி எழுப்பவில்லை. கேட்பவர் மனத்தில் அது தானே எழுகிறது.

சேனா தம் தொழிலை மறைத்துக்கொண்டு பாடியவர் அல்லர். அவர் பெயரில் வழங்கும் புகழ்பெற்ற அபங்கம் ஒன்று, தாம் நாவிதர் என்ற அறிவிப்போடுதான் தொடங்குகிறது. நுணுக்கமாகச் சவரம் செய்பவர் தாம் என்று சொல்லிக்கொண்டு, தம் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். கண்ணாடி அவருக்கு விவேகம், முள்வாங்கி வைராக்கியம். ஸ்வதர்மத்தைச் செய்வதாலேயே இறைவனை அர்ச்சிக்கலாம் என்று கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் 46-ஆம் சுலோகம் உபதேசிப்பதற்கு இதைவிட நேரான விளக்கவுரை கிடைப்பது கடினம்.

ஆயினும், அவர் பெருமையோடு உரைத்த அந்தச் சொல்லையே உலகம் வசையாக்கியது. 2009 பிப்ரவரியில் பில்லு என்ற இந்தித் திரைப்படம் வெளிவந்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த ‘பார்பர்’ என்ற சொல் தங்களை இழிவுபடுத்துவதாக மும்பையின் முடிதிருத்துவோர் சங்கத்தினர் முறையிட்டனர். சொல் நீக்கப்பட்டது, சுவரொட்டிகளில் அது மறைக்கப்பட்டது. தமிழில் குசேலன் என்ற பெயரில் 2008-இல் வந்ததும் அதே கதைதான். ஒரு தொழிற்பெயருக்காக இவ்வளவு வருந்துவானேன் என்று அன்று சிலர் நகைத்தனர். அந்தச் சொல்லால் பள்ளிக்கூடத்தில் அழைக்கப்பட்ட பிள்ளைக்கு அது நகைப்பாக இருந்திராது.

இதே மும்பையில் கத்தியை எடுக்க மறுத்ததால் நாவிதர்கள் பெருமை பெற்ற வரலாறும் ஒன்றுண்டு. கணவனை இழந்த பெண்களின் தலையை மழிக்கும் வழக்கம் அந்நாளில் உயர்குலத்தார் சிலரிடையே கடுமையாக நிலவியது. சிறுமிகளும் அதற்குத் தப்பவில்லை. வழக்கத்தை விதித்தவர்கள் வேறு. அதை நிறைவேற்ற வேண்டிய கத்தி நாவிதர் கையில் இருந்தது. 1890-இல் ஜோதிராவ் பூலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவரும், ஆலைத் தொழிலாளரின் தலைவருமான நாராயண் மேகாஜி லோகண்டேயின் முயற்சியால் நூற்றுக்கணக்கான நாவிதர்கள் இந்நகரில் ஒன்றுகூடினர். இனி விதவைகளின் தலையை மழிப்பதில்லை என்று தீர்மானித்தனர். செய்தி கடல் கடந்து லண்டன் பத்திரிகை வரை சென்றது. ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்ததும் லோகண்டேயின் உழைப்பால் அதே ஆண்டில்தான்.

கூலி இழப்பு அவர்களுக்குச் சிறியதன்று. அன்றாடம் காய்ச்சிகளே பெரும்பாலோர். அழுதுகொண்டு அமர்ந்திருக்கும் பெண்ணின் முன் கத்தியோடு நின்ற நாள்களை அவர்கள் அறிந்திருந்தார்கள். சாத்திரம் பேசியவர்கள் அந்த அறையில் நின்றிருக்க மாட்டார்கள். சேனா ஒருநாள் அடியவருக்காக அரசனின் அழைப்பைப் புறக்கணித்தார். இவர்களோ தாம் பெயரறியாத பெண்களுக்காகச் செல்வர்களின் அழைப்பைப் புறக்கணித்தார்கள். பையைத் தோளில் மாட்டுவதும், மாட்ட மறுப்பதும் அந்தந்த வேளையில் ஒரே வழிபாடாகிவிடுகின்றன.

பீதர்ப் பகுதிக்கும் இந்தக் குலத்துக்கும் ஏதோ பூர்வபந்தம் இருக்கிறது போலும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணரின் அணுக்கத் தொண்டராகக் கல்யாண நகரில் வாழ்ந்த ஹடபத அப்பண்ணரைக் கன்னட நாவிதர்கள் தம் குலமுதல்வராகப் போற்றுகிறார்கள். ஹடப என்பது நம் அடைப்பமே. அவ்வூர் இன்று பீதர் மாவட்டத்தில் இருக்கிறது. 1699-இல் குரு கோவிந்த சிங் தலையைக் கேட்டபோது எழுந்து நின்ற ஐவருள் ஒருவரான பாயி சாகிப் சிங்கும் பீதரில் நாவிதர் குடியில் பிறந்தவர்.

வடாலா விட்டல் கோயிலிலிருந்து சிறிது தொலைவில், தாராவிக்கும் மாதுங்காவுக்கும் அருகிலேயே, குரு தேக் பகதூர் நகர் இருக்கிறது. 1947-இல் தேசம் பிளவுண்டபின் அகதிகளாக வந்த பஞ்சாபியர் குடியேறிய இடம். அங்குள்ள குருத்வாராக்களில் குரு கிரந்த சாகிபின் முன் சீக்கியர்கள் தலை வணங்குகிறார்கள். அந்நூலின் 695-ஆம் பக்கத்தில், தனாசிரி ராகத்தில், சேனாவின் பாடல் ஒன்று இருக்கிறது. தூபமும் தீபமும் நெய்யும் கொண்டு இறைவனுக்கு ஆரத்தி எடுக்கும் பாடல் அது. கேசத்தில் வாழ்நாள் முழுதும் கத்தி படவிடாதவர்கள், அந்த நாவிதரின் சொல்லைத் தலைமேல் வைத்து ஓதுகிறார்கள்.