கரண்ட்டும் காட்சியும் ஒரே கேபிளில்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "படிச்சதை எழுதுறதா, பட்டதை எழுதுறதா?" என்று இரண்டு நாள் யோசித்தேன். பட்டதையே எழுதுகிறேன். நான் செய்த தப்பை நாளைக்கு நீங்கள் செய்யாமல் இருந்தால், அதுவே இந்தக் கட்டுரைக்குக் கிடைக்கும் பரிசு.

தொண்டிக்கும் தேவிபட்டினத்திற்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் காரங்காடு. அலையாத்திக் காட்டைப் பார்க்க வனத்துறைப் படகில் போய் வந்தவர்கள் நம் வகுப்பிலேயே பலர் உண்டு. அந்த ஊரில்தான் என் சித்தப்பா தொழில் செய்கிறார். வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளி, கரையோரம் அவருடைய வலைக் கொட்டகை. நண்டு வலை, எஞ்சின், டீசல் கேன் எல்லாம் அதில்தான் கிடக்கும்.

"நீதான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறியே, கொட்டகைக்கு ஒரு கேமரா போட்டுக் குடுடா" என்றார் சித்தப்பா. இரண்டாம் ஆண்டு விடுமுறையில் போட்டுக் கொடுத்தேன். பகல் முழுக்கப் படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. சித்தி பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

இருட்டியதும் கேமரா செத்துப் போனது. ஒரு நிமிடம் வரும், போகும், மறுபடி வரும். "நெட்வொர்க் கோளாறு, சரியாயிரும் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு நான் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். பத்தாம் நாள் இரவு, கடன் வாங்கிப் போட்ட புது வலை இரண்டு கட்டு களவு போய்விட்டது. ரெக்கார்டரைப் போட்டுப் பார்த்தால் மாலை 6.40-க்கு மேல் ஒன்றும் இல்லை. சித்தப்பா திட்டவில்லை. "பகல்ல எவன்டா களவாண்டுட்டுப் போவான்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதற்குப் பதில் தேடிய கதைதான் இது.

நான் என்ன செய்திருந்தேன்?

முதலில் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு யோசனை சொன்னார்: "வீட்டுலேர்ந்து ரெண்டு வயர் இழுத்து, கொட்டகையிலயே பிளக் பாயிண்ட் வச்சிரு." அதை நான் ஏற்கவில்லை. ஈர மணல், உப்புக் காற்று, வெறுங்கால், நனைந்த வலை. இவற்றுக்கு நடுவே 230 வோல்ட் போனால் களவு போகப் போவது வலை அல்ல, உயிர். அந்த வரைக்கும் என் புத்தி வேலை செய்தது.

அதனால் ஒரே நெட்வொர்க் கேபிளில் படமும் கரண்ட்டும் போகட்டும் என்று முடிவு செய்தேன். கேபிளுக்குள் எட்டு கம்பி, நான்கு ஜோடி. 100 எம்.பி.பி.எஸ். வேகத்திற்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். மீதியுள்ள நீலம், பழுப்பு ஜோடிகளில் 12 வோல்ட் அடாப்டர் கரண்ட்டை ஏற்றிவிடலாம். அதற்கென்றே மலிவான ஸ்ப்ளிட்டர் விற்கிறது. அதை வாங்கினேன். கேபிளும் விலை குறைவானதாகப் பார்த்து வாங்கினேன். பெட்டியில் 'சி.சி.ஏ.' என்று போட்டிருந்தது. அது என்னவென்று நான் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை.

சி.சி.ஏ. என்றால் அலுமினியக் கம்பிமேல் மெல்லிய செம்புப் பூச்சு. பார்வைக்குச் செம்பு, உள்ளே அலுமினியம். மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

கணக்கு சொல்லும் உண்மை

நண்பர்களே, இனி பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல செம்புக் கேபிளில் ஒரு கம்பிக்கு 100 மீட்டருக்கு ஏறக்குறைய 8.4 ஓம். 60 மீட்டருக்கு 5 ஓம். போக இரண்டு கம்பி இணையாக, வர இரண்டு கம்பி இணையாக. ஆக மொத்தச் சுற்றுக்கு 2.5 + 2.5 = 5 ஓம். நான் போட்ட சி.சி.ஏ. கேபிளில் இதுவே சுமார் 8 ஓம்.

கேமராவின் லேபிளில் '12 வோல்ட் டி.சி., ±25 சதவீதம், அதிகபட்சம் 6 வாட்' என்று இருந்தது. அதாவது 9 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. பகலில் கேமரா எடுப்பது சுமார் 3 வாட். 8 ஓம் சுற்றில் 0.32 ஆம்பியர் ஓடும், 2.5 வோல்ட் வழியிலேயே விழும், கேமராவுக்குக் கிடைப்பது 9.5 வோல்ட். தட்டுத் தடுமாறிப் பிழைத்துக்கொள்கிறது!

இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், தேவை 6 வாட் ஆகும். இங்கேதான் வேடிக்கை. நம் சர்க்யூட் பாடத்தில் 'மேக்ஸிமம் பவர் டிரான்ஸ்ஃபர் தியரம்' படித்து ஏழு மார்க் வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? பாதி மின்னழுத்தம் வழியில் விழும்போதுதான் சுமைக்கு அதிகபட்சத் திறன் கிடைக்கும். இங்கே பாதி என்பது 6 வோல்ட். மின்னோட்டம் 6 ÷ 8 = 0.75 ஆம்பியர். கிடைக்கும் திறன் 6 × 0.75 = 4.5 வாட். அதற்கு மேல் ஒரு துளிகூட அந்தக் கேபிளால் தர முடியாது. நான் கேட்டதோ 6 வாட்!

அடாப்டரை 2 ஆம்பியர், 5 ஆம்பியர் என்று மாற்றிப் பார்த்தும் ஏன் பலன் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. குறை அடாப்டரில் இல்லை, வழியில் இருந்தது. விளக்கு எரியும், மின்னழுத்தம் சரியும், கேமரா அணையும். அணைந்ததும் மின்னழுத்தம் ஏறும், கேமரா விழிக்கும், விளக்கு மறுபடி எரியும். ராத்திரி முழுக்க இதே கூத்து.

48 வோல்ட்டின் மகிமை

அதே 6 வாட்டை 48 வோல்ட்டில், நல்ல செம்புக் கேபிளில் அனுப்பினால்? மின்னோட்டம் 0.13 ஆம்பியருக்கும் குறைவு. வழியில் விழுவது 0.63 வோல்ட். வீணாகும் திறன் 0.08 வாட். மின்னழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் மின்னோட்டம் நான்கில் ஒன்றாகிறது, இழப்பு பதினாறில் ஒன்றாகிறது. மின்வாரியம் கோபுரங்களில் 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் என்று அனுப்புவதும் இதே காரணத்தால்தான்.

48 வோல்ட் புதுசும் இல்லை. நம் வீட்டுப் பழைய தரைவழித் தொலைபேசியை நினைத்துப் பாருங்கள். ஊரே இருட்டாக இருந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்குமே! எக்ஸ்சேஞ்சில் இருந்த 48 வோல்ட் பேட்டரி, பேச்சு போகும் அதே இரட்டைக் கம்பியில் வீட்டுக்கு வந்ததுதான் காரணம்.

அதே யோசனை கணினி வலையமைப்புக்கு வந்ததுதான் 'பவர் ஓவர் ஈத்தர்நெட்', சுருக்கமாக பி.ஓ.இ. ஈத்தர்நெட் 1973-ல் பிறந்தது. ஐ.பி. தொலைபேசிகளுக்காக சிஸ்கோ நிறுவனம் 2000-ம் ஆண்டில் தன் சொந்த முறையில் கேபிள் வழியே கரண்ட் கொடுத்தது. எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான தரத்தை ஐ.இ.இ.இ. 2003-ல் வெளியிட்டது; பெயர் 802.3ஏஎஃப். இதில் ஸ்விட்ச் முனையில் 15.4 வாட், 100 மீட்டர் தாண்டிக் கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். 2009-ல் வந்த 802.3ஏடி-யில் 30 வாட், கருவிக்கு 25.5. 2018-ல் வந்த 802.3பிடி-யில் 90 வாட் வரை. சாதாரண வீட்டுக் கேமராவுக்கு முதல் தரமே தாராளம். சுழலும் கேமராவுக்கு மட்டும் இரண்டாவது தேவைப்படலாம்.

கை குலுக்கிய பிறகுதான் கரண்ட்!

"48 வோல்ட் போற போர்ட்டுல லேப்டாப்பைச் சொருகினா எரிஞ்சிராதா?" என்று என் அறைத்தோழன் கேட்டான். நியாயமான கேள்வி. தரமான பி.ஓ.இ. ஸ்விட்ச் எடுத்தவுடன் 48 வோல்ட்டைத் தள்ளுவதில்லை. முதலில் 2.8 முதல் 10 வோல்ட்டுக்குள் சிறு மின்னழுத்தம் கொடுத்து, எதிர்முனையில் 25 கிலோ ஓம் மின்தடை தெரிகிறதா என்று தடவிப் பார்க்கும். தெரிந்தால் 15.5 முதல் 20.5 வோல்ட் கொடுத்து, "உனக்கு எத்தனை வாட் வேணும்?" என்று வகுப்பு கேட்கும். அதன் பிறகே 44 முதல் 57 வோல்ட்டுக்குள் முழு கரண்ட். கேபிளைப் பிடுங்கினால் அரை நொடிக்குள் நிறுத்தியும் விடும். லேப்டாப்பில் அந்த 25 கிலோ ஓம் அடையாளம் இல்லாததால் கரண்ட்டே போகாது.

ஆனால் 'பேசிவ்' என்று விற்கும் மலிவு இன்ஜெக்டர்களுக்கு இந்த மரியாதை தெரியாது. யார் வந்தாலும் கரண்ட்டை ஏற்றிவிடும். ஜாக்கிரதை!

தகவலும் மின்சாரமும் ஏன் கலப்பதில்லை? தகவல் என்பது ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளுக்கு இடையிலுள்ள வித்தியாசம். டி.சி.யோ டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனை வழியே இரண்டு கம்பியிலும் ஒரே அளவாக ஏறுகிறது. வித்தியாசத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இரண்டிலும் சமமாக இருப்பது தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டாம் முறை செய்தது

தீபாவளி விடுமுறையில் மறுபடி காரங்காடு போனேன். வெட்கக்கேடு என்னவென்றால், அதே கேமராவில் பி.ஓ.இ. வசதி ஏற்கெனவே இருந்தது. பெட்டியில் எழுதியிருந்ததை நான்தான் படிக்கவில்லை. வாங்கியது முழுச் செம்பு கேட் 6 கேபிளும் நான்கு போர்ட் பி.ஓ.இ. ஸ்விட்ச்சும் மட்டுமே. நீங்கள் செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

1. கேபிள் முழுச் செம்புதானா என்று பாருங்கள். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெளியில் போடுவதற்கு வெயில் தாங்கும் உறை வேண்டும்.

2. ஸ்விட்ச்சின் மொத்த வாட்டைப் பாருங்கள். ஒவ்வொரு போர்ட்டும் 15.4 வாட் தரும் என்று இருக்கலாம். மொத்தமே 35 வாட்டாகவும் இருக்கலாம். எல்லாக் கேமராக்களின் இரவுத் தேவையையும் கூட்டிப் பாருங்கள்.

3. கடற்கரையில் முதல் எதிரி உப்பு. ஈரம் பட்ட ஆர்.ஜே.45 முனையில் டி.சி. ஓடினால் பாசிட்டிவ் முள் அரித்துப்போகும். முனையைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வையுங்கள். கேபிள் கீழே ஒரு வளைவு இறங்கி மேலேறட்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

4. ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு, வீட்டு முனையில் சர்ஜ் புரொடக்டர் போட்டு ஒழுங்கான எர்த் கொடுங்கள். 230 வோல்ட் வயரோடு ஒரே குழாயில் இந்தக் கேபிளைப் போடாதீர்கள்.

5. கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ், பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களை லட்சக்கணக்கில் பிடித்துத்தான் இணையத்தையே ஆட்டிவைத்தது. பக்கத்து வீட்டு முற்றம் படத்தில் விழாமல் திருப்பி வைப்பதும் நம் கடமை.

இன்னொரு லாபமும் கிடைத்தது. ஸ்விட்ச்சும் ரெக்கார்டரும் வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதால், கரண்ட் போனாலும் கொட்டகைக் கேமரா விழித்திருக்கிறது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1800 வாட்-மணி. பாதிதான் கைக்கு வந்தாலும், 35 வாட் சுமைக்கு ஒரு முழு நாளைக்கு மேல் தாங்கும். பழைய தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் செய்த வேலையை இப்போது சித்தப்பா வீட்டு இன்வெர்ட்டர் செய்கிறது.

முடிவாக...

போன வலை திரும்பி வரவில்லை. அந்தக் கடனைச் சித்தப்பா இன்னமும் அடைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் இப்போது அவர் விடியுமுன் கடலுக்குப் போகும்போது, சித்தி வீட்டிலிருந்தபடியே கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறார். "ராத்திரியிலயும் தெரியுதுப்பா" என்று போனில் சொன்னபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

தோழர்களே! ஐந்து நிமிடம் ஓம் விதியைப் போட்டுப் பார்த்திருந்தால் அந்த வலை போயிருக்காது. டிப்ளமோ படிப்பவன் வீட்டில் அடுத்து யாராவது, "கேமரா போட்டுக் குடுடா" என்று கேட்பார்கள். குழி வெட்டுவதற்கு முன் கணக்கைப் போடுங்கள். பகலில் எரிகிறது என்று நம்பிக் கிளம்பிவிடாமல் ஒரு ராத்திரி அங்கேயே தங்கிப் பாருங்கள்!



— மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தகவல் தொடர்புப் பொறியியல் பிரிவு