மீண்ட கைகள்

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் அணைத்தோட, நடுவே விளங்குவது திருவரங்கம். நீராட வருவோர் அம்மா மண்டபப் படித்துறையில் இறங்குவர். அரங்கனைக் காண வருவோர் கோபுரங்கள் பலவற்றைக் கடந்து உட்செல்வர். இத்தகைய யாத்திரைத் தலங்களில் தொழுநோயுற்றோர்க்கு நெடுங்காலம் கிடைத்த இடம் வீதியோரமே. வீட்டார் கைவிட்டனர், ஊரார் ஒதுக்கினர், தொழில் கொடுப்பார் இலர். ஏந்துவதற்கு மட்டுமே அவர்தம் கை பயன்பட்டது.

இந்நோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிர் என்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் 1873-ல் கண்டறிந்தார். முன்வினைப் பயன் என்னும் பேச்சு அன்றே ஒழிந்திருக்க வேண்டும், ஒழிந்தபாடில்லை. பிச்சையெடுக்கும் தொழுநோயாளரைப் பிடித்து அடைத்துவைக்க இடந்தந்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-ல்தான் நீங்கியது என்றால், அச்சம் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது விளங்கும்.

திருச்சிராப்பள்ளிக்கு வடமேற்கே உயர்ந்து நிற்பது கொல்லிமலை. அங்கே 1914-ல் பிறந்தவர் பால் பிராண்டு. அவர்தம் பெற்றோர் ஆங்கில நாட்டினின்றும் வந்து மலைவாழ் மக்களிடையே தொண்டு புரிந்தவர்கள். இங்கிலாந்தில் மருத்துவம் கற்ற பிராண்டு, 1946-ல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். ஒருநாள் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றவர், விரல்கள் வளைந்து மடங்கிய ஒருவரின் கையில் தம் கையைக் கொடுத்து, இறுகப் பிடிக்கும்படி சொன்னார். பிடித்த பிடியில் அவர் கை நொந்தது! செயலற்றதென்று எல்லாரும் தள்ளிய கையில் அத்துணை வலிமை எங்கிருந்து வந்தது?

ஆராய்ந்தபோது உண்மை புலனாயிற்று. நோய் முழங்கைப் பகுதியில் நரம்பைத் தாக்குகிறது, அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன, விரல்கள் மடங்குகின்றன. முன்கையின் தசைகள் பலவோ நலமாகவே இருக்கின்றன. அத்தகைய நல்ல தசையின் நாணை எடுத்து விரல்களோடு இணைத்தால் கை மீண்டும் விரியுமன்றோ? 1948 முதல் பிராண்டு அவ்வாறே செய்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

ஆயினும், எவரும் எதிர்பாராத குறை ஒன்று வந்தது. கை சீரான ஒருவர் திரும்பி வந்து, "இவை பிச்சைக்கு உதவாத கைகள்" என்னும் பொருள்படக் கூறினார். முன்பு கோணிய விரலைக் கண்டு காசு போட்டவர்கள் இப்பொழுது போடவில்லை. நோயின் வடுவைக் கண்டவர்கள் வேலையும் கொடுக்கவில்லை. அறுவை மருத்துவம் ஒன்றினால் மட்டும் வாழ்வு திரும்பாது என்பதை அன்று அந்நோயாளியே மருத்துவர்க்குக் கற்பித்தார் எனலாம். அதன்பின் 1951-ல் வேலூரில் நவஜீவ நிலையம் எழுந்தது. அங்குத் தங்கியோர் மரவேலை பயின்றனர்.

அங்கே மற்றொரு புதிரும் விடுபட்டது. விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்றுதான் உலகம் நம்பியிருந்தது. பூட்டில் இறுகிய சாவியைத் திருகிய சிறுவன் ஒருவனின் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவன் அதை அறியவேயில்லை. இரவில் எலி கடித்தும் சிலர் உணரவில்லை. விரலைத் தின்றது நோயன்று; வலி உணராமையால் நேர்ந்த காயங்களே. பூனைகள் வளர்க்கப்பட்டன, கருவிகளின் பிடிகள் திருத்தப்பட்டன, மெத்தென்ற ரப்பர்ச் செருப்புகள் செய்யப்பட்டன.

பிராண்டிடம் இவ்வறுவையைப் பயின்றோருள் கேரளத்திற் பிறந்த மேரி வர்கீஸ் என்பவர் குறிப்பிடத்தக்கவர். 1954-ல் மோட்டார் வண்டி விபத்தில் அவர் முதுகுத்தண்டு முறிந்து, கால்கள் உணர்விழந்தன. கையறுவையை அமர்ந்தபடியே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியில் அமர்ந்த அவ்வம்மையார் தொழுநோயுற்றோரின் கைகளைத் திருத்தினார். மேசையின் ஒருபுறம் நடக்க இயலாத மருத்துவர். மறுபுறம் பிடிக்க இயலாத நோயாளி! பின்னர் அவர் நியூயார்க்கு நகரில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ல் வேலூரில் திறக்கப்பெற்ற மறுவாழ்வு நிலையத்திற்குத் தலைமை தாங்கினார்.

1980-களில் வந்த கூட்டு மருந்து நோயின் போக்கையே மாற்றியது. ஆறு மாதமோ, ஓராண்டோ உட்கொண்டால் நோய் முற்றும் நீங்குகிறது. அரசு அதை இலவசமாகவே வழங்குகிறது. உணர்ச்சியற்ற வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றிய உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்வோர்க்குப் பெரும்பாலும் விரல் மடங்குவதில்லை. திருச்சிராப்பள்ளிப் பாத்திமா நகரில் அமைந்த தொழுநோய் மருத்துவமனைக்கு, நோயின் பெயரால் அன்றி அறிஞரின் பெயரால், ஹேன்சனோரியம் என்று பெயரிட்டனர்.

1898-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கிய அதே 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறியது. நோய் நீங்கியும் கையிலோ காலிலோ குறை எஞ்சியவர்கள் அதிற் சேர்க்கப்பட்டனர். அரசுப் பணியிடங்களுள் ஏனைய சில குறைபாடுடையோரோடு இவர்களுக்கும் நூற்றுக்கு ஒன்று ஒதுக்கப்பட்டுள்ளது.