ஓடாத மாடல் ரயில் எஞ்சினை வாங்கலாமா?

செகண்ட் ஹேண்டில் வரும் மாடல் எஞ்சின் ஓடாததற்குப் பல சமயம் அழுக்கே காரணம். சக்கரங்களில் படிந்த கறுப்பை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தாலே சில எஞ்சின்கள் ஓடிவிடும்.

புனே அருகே நிக்டியில் ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்த்து வாங்குபவர் 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு ஒயர்த் துண்டுகளும் கொண்டுபோனால் போதும். ஒயர்களை இருபுறச் சக்கரங்களிலும் தொட்டால், 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும் எஞ்சின் அசைய வேண்டும். மோட்டார் சுற்றியும் சக்கரம் நின்றால் பல்சக்கரத்தில் கோளாறு. சுற்றுக்கொரு ‘டக்’ சத்தம் கேட்டால் அச்சிலுள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கலாம். மோட்டார் அசையாமல் சூடானால் உடனே ஒயரை எடுத்துவிட வேண்டும். மாற்றுமின்சாரத்தில் ஓடும் மெர்க்லின் நிறுவனத்தின் பழைய எஞ்சின்களுக்கு இந்தச் சோதனை ஒவ்வாது. சாதாரண இரு தண்டவாள அமைப்பில் அவை ஓடவும் மாட்டா.

எஞ்சினைத் திருப்பி அடிச்சட்டத்தை வெளிச்சத்தில் பார்ப்பதுதான் மிக முக்கியம். பழைய துத்தநாகக் கலவை வார்ப்பில் ஈயம் கலந்திருந்தால், காலப்போக்கில் உப்பி, வெடித்து, உதிரும். இதற்கு மருந்தே இல்லை. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

நல்ல எஞ்சினின் சீரான ஓசை பழக, புனேயின் கோத்ரூடில் 1998 முதல் இயங்கும் ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் உதவும்.

உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமென்றால், தபால் செலவையும் சுங்கவரியையும் கழித்தே விலை பேச வேண்டும்.