கைப்பிடி சொல்லும் கதை
நவராத்திரிப் பாடம்: பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசிப்பதற்கு



நவராத்திரிக்கு ஆலயம் வரும் சிறுவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "அம்மாளாச்சி நல்லவ எண்டால், கையில ஏன் வாள்?" ஆயுதங்களால் ஊரையும் உறவையும் இழந்து மொன்றியல் வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு இது இலேசான கேள்வியல்ல. விடை தேடுவதற்கு, நாம் பிறந்த தீவிலே செய்யப்பட்ட ஒரு வாளைப் பகுதி பகுதியாகப் பார்ப்போம். அதன் பெயர் கஸ்தானை. இலங்கைத் தேசியக் கொடியில் சிங்கம் ஏந்தி நிற்கும் வாள் இதுதான் என்பர். அதனாலேயே எம்மவர் பலருக்கு இவ்வாளைப் பார்க்க மனம் வருவதில்லை. ஆயினும் அதன் வரலாறு கொடியை விட நீளமானது. அதில் எமக்கும் பங்குண்டு.

1. கைப்பிடி

கஸ்தானை குட்டையான, சற்றே வளைந்த, ஒருபக்கக் கூருடைய வாள். பார்ப்பவரின் கண் முதலிற் போவது அலகுக்கல்ல, கைப்பிடிக்கே. பிடியின் உச்சியில் வாய் பிளந்த சிங்கத்தலை இருக்கும். விரல்களைக் காக்கும் வளைவின் முனையிலும், அலகின் பக்கமாக வளையும் சிறு கைகளின் முனைகளிலும் வேறு விலங்குத் தலைகள் செதுக்கப்பட்டிருக்கும். பிடி கொம்பிலோ மரத்திலோ உலோகத்திலோ அமையும். அதன்மேல் வெள்ளி, தங்க வேலை. உயர்ந்த வாள்களில் விலங்கின் கண்களுக்குச் சிவப்புக் கற்கள் பதித்திருப்பார்கள்.

இந்த உருவங்கள் எமக்குப் புதியவையல்ல. கோயில் தூண்களில் யாளியையும், மூர்த்திக்குப் பின்னால் மகர தோரணத்தையும் நாம் கண்டிருக்கிறோம். சிங்களக் கைவினைஞரின் சிங்கமும் மகரமும், எமது சிற்பிகளின் யாளியும் மகரமும் கிட்டிய உறவினர். உளி பிடித்தவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

2. அலகு

கைப்பிடி உள்ளூர் வேலையாயினும், பல கஸ்தானைகளின் அலகு ஐரோப்பாவில் இருந்து வந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை பொறித்த அலகுகளும் உண்டு. எமது தீவில் நல்ல உருக்கு இல்லாமையால் அல்ல. சமனலவெவப் பகுதியில் மலைச்சரிவில் உலைகளை மேற்கு நோக்கி அமைத்து, பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு உருக்குச் செய்தார்கள். இது 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை நடந்தது என ஆய்வாளர் ஜில் ஜூலெஃப் 1996இல் உலகறியச் செய்தார்.

3. அணிந்தவர்

இவ்வளவு குட்டையான வாள் போருக்கு அதிகம் உதவாது. இது பதவியின் அடையாளம். கண்டி அரசவைப் பிரதானிகள் இதை அணிந்தனர். பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தமக்குப் பணிபுரிந்த முதலியார்மாருக்கு இத்தகைய வாளைப் பரிசாக வழங்கினர். பிடி தங்கமா வெள்ளியா என்பதைக் கொண்டே அணிந்தவரின் தரம் தெரிந்தது. "முதலியார்" என்ற அப்பதவிப் பெயர் தமிழ்ச்சொல் என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட அரசர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வழியினர். ஆகவே கஸ்தானையை ஓர் இனத்தின் வாள் என்று ஒரு சாராரும் சொந்தம் கொண்டாட முடியாது. எமக்குரியதல்ல என்று மறு சாராரும் தள்ளிவிட முடியாது.

4. போன வழியும் வந்த வழியும்

1765இல் ஆளுநர் வான் எக்கின் தலைமையில் ஒல்லாந்தப் படை கண்டிக்குள் புகுந்து அரண்மனையைச் சூறையாடியது. அப்போது ஆட்சியில் இருந்தவர் நாயக்க வழியினரான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். அங்கிருந்து கொண்டுபோகப்பட்ட பொருட்களில் தங்கத்தாலான கஸ்தானையும் ஒன்று. தலைமுறை தலைமுறையாக ஒல்லாந்து நாட்டில் இருந்து, பின்னர் அது அம்ஸ்ரர்டாம் றைக்ஸ் நூதனசாலையில் வைக்கப்பட்டது.

பல ஆண்டு ஆய்வுக்குப்பின், 2023இல் நெதர்லாந்து அரசு ஆறு பொருட்களை இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. தங்கக் கஸ்தானை, வெள்ளிக் கஸ்தானை, பொற்கத்தி, இரண்டு பெருந்துவக்குகள், லெவ்கே திசாவையின் பெயரால் அறியப்படும் அழகிய சிறு பீரங்கி என்பனவே அவை. இப்போது அவை கொழும்பு தேசிய நூதனசாலைக்கு உரியவை. இதற்கு முன்னரும் 1815இல் ஆங்கிலேயர் எடுத்துச்சென்ற கண்டிச் சிம்மாசனமும் முடியும் வாளும் 1934இல் திரும்பி வந்தன.

இவ்வாள் சுமார் 258 ஆண்டுகள் அயல்நாட்டில் இருந்தது. வாளின் அழகு அக்காலத்தில் குறையவில்லை. ஆனால் அது யாருடையது, எப்படி வந்தது என்ற கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்த பிறகுதான் அது வீடு திரும்பியது.

5. அம்மாளின் வாள்

இனிப் பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். ஒரே கைப்பிடியைச் செய்தவன் பிடித்தான், பிரதானி பிடித்தான், கொள்ளையிட்டவனும் பிடித்தான். வாள் மாறவில்லை, கை மாறியது. வாளுக்குத் தன்னளவில் நன்மையுமில்லை, தீமையுமில்லை.

அதனாற்றான் எமது சமயம் வாளை அம்மாளின் கையிற் கொடுத்திருக்கிறது. மகிடாசுரனை அழித்த வாள் ஆணவத்தை அறுக்கும் வாள். விஜயதசமியன்று யாழ்ப்பாணத்துக் கோயில்களில் மானம்பூ விழாவில் வாழையை வெட்டுவதும் அதை நினைவுகூரவே. ஆயுத பூசையில் நாம் ஆயுதத்தைக் கையில் எடுப்பதில்லை. கீழே வைத்து, பூவைத்து வணங்குகிறோம். ஆயுதம் எமக்கு மேலானதல்ல, அது இறைவியின் கட்டளைக்கு உட்பட்டது என்பதே அதன் பொருள்.

வீட்டிற் பேசுவதற்குச் சில வினாக்கள்

1. கஸ்தானையின் கைப்பிடியில் உள்ள எந்த உருவங்களை எமது ஆலயத்திலும் காணலாம்? அடுத்த வெள்ளிக்கிழமை தேடிப் பாருங்கள்.
2. போருக்கு அதிகம் உதவாத வாளை ஏன் இவ்வளவு அழகாகச் செய்தார்கள்?
3. சேர்புறூக் வீதியில் உள்ள மொன்றியல் நுண்கலை நூதனசாலைக்குப் போகும்போது, ஒரு பொருளின் கீழுள்ள குறிப்பை வாசியுங்கள். அது யார் செய்தது, எவ்வழி வந்தது என்று அதில் எழுதியிருக்கிறதா?
4. உங்கள் வீட்டில் ஊரிலிருந்து வந்த பழம்பொருள் ஏதும் உண்டா? பாக்குவெட்டியாயினும் சரி, குத்துவிளக்காயினும் சரி. அதன் கதையை அம்மம்மா, அப்பப்பாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். கேட்கக்கூடிய காலத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் அன்னையின் திருவருள் கிட்டுவதாக.