மலைக்கு எந்த அடுப்பு?
கல்வராயனில் கேம்ப் சமையல் வேலைக்கு வருபவர்களுக்கு

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலையில் பத்துப் பேர் வரை கொண்ட குழுவை நடத்திக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் கேஸ் கேன் அடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி போகும் இடத்தில் இருபது, முப்பது பேருக்குச் சமைக்க வேண்டுமென்றால் 5 கிலோ சிலிண்டர். மண்ணெண்ணெய், பெட்ரோல், ஸ்பிரிட் மூன்றும் இங்கே வேண்டாம்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமான பிறகு வெள்ளிமலை, கரியாலூர், மேகம் அருவி, பெரியார் அருவி என்று வருகிறவர்கள் கூடிக்கொண்டிருக்கிறார்கள். மாநில அளவிலும் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ தொடங்கியது. காட்டை அறிந்த உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்துத்தான் அது நடக்கிறது. கல்லூரிக் குழு, மருத்துவ முகாம், நில அளவைக் குழு என்று மலையில் தங்கி வேலை செய்கிறவர்களுக்கும் சமைத்துப் போட ஆள் தேவைப்படுகிறது. கச்சிராயபாளையத்திலோ மலைக் கிராமத்திலோ இருந்துகொண்டே செய்யக்கூடிய வேலை இது. இந்த வேலையில் முதலில் வாங்க வேண்டிய கருவி அடுப்பு. அதில் தவறினால் பணம் மட்டும் போகாது.

அடுப்புகளை ஒப்பிடும் வெளிநாட்டு வழிகாட்டிகள் குளிரிலிருந்துதான் தொடங்கும். கேனில் இருக்கும் பியூட்டேன் சுழியம் டிகிரிக்கு அருகே ஆவியாக மறுத்துவிடும். அங்கே திரவ எரிபொருள் அடுப்புதான் கைகொடுக்கும் என்பார்கள். பனிமலைக்கு அது சரி. கல்வராயனின் உயரமான இடங்களே ஏறத்தாழ 1,000 மீட்டரையொட்டித்தான். மார்கழி விடியலில் கை விறைக்கலாம், பியூட்டேன் விறைக்காது. ஆகவே ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலந்த விலை உயர்ந்த கேனுக்குப் பணம் கொட்ட வேண்டாம். மேசை அடுப்பில் பக்கவாட்டில் செருகும் 220 கிராம் நீளக் கேனே போதும். கடையில் வாங்கும்போது உங்கள் அடுப்பு செருகும் கேனுக்கா, திருகும் கேனுக்கா என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது.

நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எரிபொருளை நேர்மையான வழியில் எங்கே வாங்குவீர்கள்? மண்ணெண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷனில் வரும் நீல எண்ணெய் குடும்ப அட்டைதாரரின் வீட்டு உபயோகத்துக்கானது. அதைக் காசு வாங்கும் கேம்ப்பில் எரிப்பது சட்டத்துக்குப் புறம்பு. அதன் ஒதுக்கீடும் ஆண்டுக்காண்டு சுருங்கிவிட்டது. பெட்ரோலை பாட்டிலில் பிடித்துத் தரப் பங்க்குகள் மறுக்கும், மறுப்பதுதான் சரி. அப்படியே கிடைத்தாலும் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அடுப்பின் ரப்பர் வாஷர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. இன்னொன்றை எத்தனை முறை சொன்னாலும் தகும்: மண்ணெண்ணெய்க்கென்று செய்த பித்தளைப் பம்பு ஸ்டவ்வில் ஒருபோதும் பெட்ரோல் ஊற்றாதீர்கள். டேங்க் சூடேறினால் வெடிக்கும்.

அடுத்தது ஸ்பிரிட். எடை குறைவு, உதிரிபாகம் இல்லை, ஒரு தகர டப்பாவே அடுப்பாகிவிடும் என்று நடைப்பயணிகள் புகழ்வார்கள். கள்ளக்குறிச்சியில் அந்தப் பேச்சை நான் ஏற்க மாட்டேன். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எரிக்கும் ஸ்பிரிட்டில் கலப்பதும் பெரும்பாலும் அதே மெத்தனால்தான். நிறமில்லை, வாடையிலும் சாராயத்திலிருந்து பிரித்தறிய முடியாது, சில மடக்கே கண்ணைப் பறித்துவிடும். அதை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கேம்ப்பில் வைத்தால், இருட்டில் தாகத்தோடு வருகிற ஒருவர் எதை எடுப்பார் என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா? சோதனைச் சாவடியில் அந்தப் பாட்டிலுக்கு விளக்கம் சொல்வது தனிப் பாடு. தீயும் ஏமாற்றும்: பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் எரிவது கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றுகிறவர் கையோடு பற்றிக்கொள்ளும். பம்பு ஸ்டவ்வைச் சூடேற்றவும் பொதுவாக இதே ஸ்பிரிட்தான் வேண்டும் என்பதால், மண்ணெண்ணெய் அடுப்பு எடுத்துப் போனால் ஸ்பிரிட்டும் கூடவே வந்துவிடும்.

கேஸ் கேனுக்கு வருவோம். காற்றில்லாத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ 15 கிராம் கேஸ் போகும். மேட்டில் காற்றடித்தால் 20, 25-ஐத் தொடும். முழுத் தீயில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் 150 கிராமுக்கு மேல் குடித்துவிடும். எட்டுப் பேர், ஓர் இரவு, இரண்டு பகல் என்றால் இரண்டு கேனோடு ஒன்று உபரி. ஆனால் கணக்கு உங்கள் சமையலைப் பொறுத்தது. மரவள்ளிக்கிழங்கு வேக நேரம் எடுக்கும். அதை ஊரிலேயே வேகவைத்து எடுத்துப் போய் மேலே தாளிப்பு மட்டும் போடுங்கள். சாமையை அரை மணி ஊறவைத்தால் சட்டென்று வெந்துவிடும். பருப்புக்குக் குக்கர் கட்டாயம்.

கேனை வாங்கியதும் சமையலறைத் தராசில் நிறுத்து அதன் அடியில் மார்க்கரால் எடையை எழுதுங்கள். திரும்பி வந்ததும் மீண்டும் நிறுத்துப் பாருங்கள். நான்கைந்து கேம்ப் முடிவதற்குள் ஆளுக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு உங்கள் கைக்கு வந்துவிடும். எரிபொருளுக்கு எவ்வளவு வாங்குவது என்று குத்துமதிப்பாகச் சொல்லாமல் காகிதத்தில் காட்ட முடிகிறவரைத்தான் கல்லூரிகளும் நிறுவனங்களும் மறுபடி அழைக்கும்.

கேன் அடுப்பில் விபத்து வரும் இடம் பெரும்பாலும் பாத்திரம்தான். அகலமான குண்டானை வைத்தால் அதன் அடிச்சூடு அடுப்பின் பக்க அறையில் இருக்கும் கேன் மீது இறங்கும். அடுப்பைவிட வெளியே நீளும் பாத்திரம் எதையும் ஏற்றாதீர்கள். இரண்டு அடுப்புகளை ஒட்டி வைத்து ஒரே அண்டாவைத் தாங்கவைக்கும் வேலையும் கூடாது. காற்றுக்குத் தகரம் மறைத்தாலும் கேன் பக்கத்தைத் திறந்தே விடுங்கள். அவ்வப்போது கேனின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். கை பொறுக்காத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கேனை விடாதீர்கள். கூடாரத்துக்குள் எந்த அடுப்பும் எரியக்கூடாது. கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

காலிக் கேனில் சிலிண்டர் கேஸை நிரப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமே போகாதீர்கள். 40 டிகிரி வெப்பத்தில் பியூட்டேனின் அழுத்தம் ஏறத்தாழ 4 பார். புரோப்பேனுக்கு 13 பாரைத் தாண்டும். வீட்டு கேஸில் இரண்டும் கலந்திருக்கிறது. அந்த மெல்லிய தகரம் அதைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத குட்டிச் சிலிண்டர்களும் இதே ரகம்.

பெரிய குழுவுக்கு எண்ணெய் நிறுவனங்களின் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. இந்தியன் ஆயில் அதை ‘சோட்டு’ என்ற பெயரில் விற்கிறது. முகவரிச் சான்று கேட்காமலே தருவார்கள். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைக் காசு வாங்கும் சமையலுக்குக் கொண்டுவரக்கூடாது. ஒவ்வொரு முறை மாட்டியதும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்; குமிழ் வந்தால் பற்றவைக்காதீர்கள்.

சென்னையிலிருந்து வரும் குழுவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: ரயிலில் கேனும் எண்ணெயும் கொண்டுவரக்கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள் கேஸ் அடுப்பு பற்றவைத்ததில் 9 பேர் இறந்தார்கள். எரிபொருள் என் பொறுப்பு, கள்ளக்குறிச்சியில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

காப்புக்காட்டில் அடுப்பு மூட்ட வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு கோடையில் மலையேற்றத்துக்கே பாதைகள் மூடப்படுகின்றன. அந்த மாதங்களில் வேலை வந்தால் வண்டித் தடத்தருகே, காய்ந்த புல்லில்லாத தரையில், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரோடுதான் சமையல். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வணிகராகப் பதிவும் செய்துகொள்ளுங்கள். பில்லோடு அந்தப் பதிவு எண்ணையும் கேட்கிறவர்கள் உண்டு.

பம்பு ஸ்டவ்வை நான் அடியோடு ஒதுக்கவில்லை. இந்த வேலையில் தேறி இமயமலைப் பக்கம் போக நினைப்பவருக்கு அது வேண்டும். டார்ஜிலிங்கில் 1954-லும் உத்தரகாசியில் 1965-லும் தொடங்கிய மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. மேலே பனிக்காட்டில் நாள் கணக்கில் சமைக்கும்போது மண்ணெண்ணெய் அடுப்பைச் சரிசெய்யத் தெரிந்த ஆளுக்கு மதிப்பு தனி. பழகுவதை ஊர் முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பர்னர் நன்றாகச் சூடாகும் முன் பம்பு அடித்தால் மஞ்சள் தீ எழும்பி எண்ணெய் பீறிடும், நீலத் தீ சீராகச் சீறும்வரை கை அவசரப்படக்கூடாது. நிப்பிள் அடைத்தால் பின் போட்டு எடுப்பது, பம்பின் தோல் வாஷர் காய்ந்தால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைப்பது, காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை இறக்கிய பின்பே டேங்க் மூடியைத் தொடுவது எல்லாம் இந்தப் பழக்கத்தில் அடங்கும். பம்பு ஸ்டவ்வில் சமைத்த பாட்டிமார் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். கேட்டால் கூடவே உட்கார்ந்து கற்றுத் தருவார்கள்.